மோர் பழகிய நாக்கு

(காலாப்பட்டில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு இதுதான்: 'காஃபினும் வேண்டாம், செயற்கை இனிப்பும் வேண்டாம், பிறகு எதைக் குடிப்பது?' தலைப்பைக் கேட்டதும் நண்பர் ஒருவர், "தண்ணியக் குடிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க" என்றார். இறங்கிவிடலாம்தான். ஆனால் மனிதன் தாகத்துக்காக மட்டுமா குடிக்கிறான்? வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? மழை பெய்கிற மாலையில் கையில் சூடாக ஒரு டம்ளர் இல்லாமல் உட்கார முடியுமா? வலையை இழுத்துப் போட்டுவிட்டுக் கரையேறியவரிடம் பச்சைத் தண்ணீரை நீட்டினால் அவர் நம்மை எப்படிப் பார்ப்பார்? தண்ணீர் தாகத்தைத் தீர்க்கும். மற்றதையெல்லாம் தீர்ப்பதற்குத்தான் மனிதன் இத்தனை பானங்களைக் கண்டுபிடித்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் கேட்கிற கேள்வி இது? வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிற பெண் கேட்கிறாள். படபடப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போய் 'காபியை நிறுத்துங்கள்' என்ற சொல்லோடு திரும்பியவர் கேட்கிறார். நெஞ்செரிச்சல்காரர் கேட்கிறார். இரவு இரண்டு மணிவரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் கேட்கிறார். சர்க்கரை கூடாதென்று 'சுகர் ஃப்ரீ'க்குப் போய், பேரப்பிள்ளை அந்த டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டியதும் திகைத்து நிற்கிற தாத்தா கேட்கிறார்.

நம் ஊருக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிட அவசரமானது. ஏன் என்று சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாடு முழுவதும் சர்க்கரை நோய் 11.4 சதவீதம் என்றது. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் கோவாவுக்கு, 26.4 சதவீதம். இரண்டாமிடம் யாருக்கு? நம் புதுச்சேரிக்கு. 26.3 சதவீதம்! நாலு பெரியவர்களை வரிசையாக நிறுத்தினால் ஒருவருக்கு இருக்கிறது. கோப்பை கிடைக்காத போட்டியில் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் இரண்டாமிடம் வந்திருக்கிறோம்.

முதலில் காஃபினைப் பார்ப்போம். நான் காபிக்கு எதிரியல்ல. காபி நல்ல பானம். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன். நாள் முழுக்க உழைக்க உழைக்க, நம் மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்தால் உடம்பு 'போதும், படு' என்று சொல்லும். காஃபின் என்ன செய்கிறது? பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார்களே, அதைத்தான் செய்கிறது. இடம் போய்விட்டதால் அடினோசின் நின்றுகொண்டே வரும். களைப்பு போய்விடவில்லை. உட்கார இடமில்லாமல் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

துண்டு எவ்வளவு நேரம் கிடக்கும்? குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்தது இரவு பதினோரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மாதங்களில், இந்த நேரம் இரண்டு மூன்று மடங்கு நீளும். அவர்களைக் குறைக்கச் சொல்வது அதனாலும்தான்.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி கணக்கையே கொடுத்துவிட்டது. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின். இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65. டீயில் 30 முதல் 65. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போகவேண்டாம் என்கிறது. இன்னொன்றும் சொல்கிறது, தாய்மார்கள் கவனிக்கவேண்டும்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் டீயோ காபியோ வேண்டாம். அவற்றிலுள்ள டானின், சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. 15 வயது முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்த நிலையில் டிபன் தட்டைக் கழுவுவதற்குள் டீ டம்ளரைக் கையில் எடுக்கிறோம்.

'நான் காபி, டீ தொடுவதில்லை, க்ரீன் டீதான்' என்பவர்கள் இங்கே இருப்பீர்கள். க்ரீன் டீயும் அதே தேயிலைச் செடிதான் ஐயா. காஃபின் கொஞ்சம் குறைவு, இல்லாமல் இல்லை. பால் ஊற்றாத டீ, லெமன் டீ, பாட்டிலில் வருகிற ஐஸ் டீ எல்லாம் ஒரே குடும்பம். கோலாவிலும் இருக்கிறது. கோகோ சேர்த்த சத்துமாவுகளிலும் கொஞ்சம் இருக்கிறது. 'டீகாஃப்' என்று விற்கிற காபியிலும் சில மில்லிகிராம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாணவர்களே, பல்கலைக்கழக வாசலில் இறங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்தால் பெட்டிக்கடைகளில் கலர் கலராக எனர்ஜி டிரிங்க் தொங்குகிறது. தேர்வுக்கு முந்தின இரவு அதற்கு எவ்வளவு கிராக்கி என்று கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அந்த வகையில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம்வரை காஃபின் இருக்கலாம். 250 மில்லி பாட்டிலில் 75 வரை. 'குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபின் ஒவ்வாதவர்கள் குடிக்கவேண்டாம். ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் கூடாது' என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கவேண்டும். வாங்கும் கையில் பூதக்கண்ணாடி இருப்பதில்லை.

சரி, காஃபினை விட்டாயிற்று. இனிப்புக்கு வருவோம். இங்கேதான் கதை சுவாரசியமானது.

1879. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஃபால்பெர்க் என்பவர் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. விரலைச் சுவைத்தார், அதுவும் இனித்தது. சாக்கரின் பிறந்தது. 1965. ஷ்லாட்டர் என்ற வேதியியலாளர் குடற்புண்ணுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தவர், காகிதத்தைப் புரட்ட விரலை நக்கினார். அஸ்பார்டேம் பிறந்தது. 1976. லண்டனில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் சசிகாந்த் பட்னிஸ். பேராசிரியர் அந்தப் பொடியை 'டெஸ்ட்' செய்யச் சொன்னார். இவர் காதில் 'டேஸ்ட்' என்று விழுந்தது. எடுத்து நாக்கில் போட்டுக்கொண்டார்! சுக்ரலோஸ் பிறந்தது. சர்க்கரையைப்போல் அறுநூறு மடங்கு இனிப்பு. விஷமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதீர்கள். பேராசிரியருக்கே தூக்கிவாரிப்போட்டதாம்.

இவையெல்லாம் விஷமா? இல்லை. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் பேச்சை நம்பாதீர்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: எடையைக் குறைக்கலாம் என்ற நினைப்பில் இந்த இனிப்பூட்டிகளைப் பயன்படுத்தவேண்டாம், நீண்ட காலத்தில் அதனால் கொழுப்பு குறைவதில்லை, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுவதோடு தொடர்பு தெரிகிறது. ஸ்டீவியாவையும் இதில் சேர்த்துத்தான் சொன்னது, 'இயற்கை' என்று விட்டுவிடவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நான் சொன்னதைக் கேட்டு எதையும் மாற்றாதீர்கள்; உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அதே ஆண்டு ஜூலையில் அஸ்பார்டேமை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் ஒரு குழு வைத்தது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம்வரை பாதகமில்லை என்று இன்னொரு குழு அன்றைக்கே சொன்னது. பத்திரிகைகள் முதல் பாதியைத் தலைப்பாக்கின.

கடையில் பாட்டிலை எடுத்தால் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். அங்கே பழம் இருக்கும், பனித்துளி இருக்கும், சிரிக்கிற முகம் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்புங்கள். சின்ன எழுத்தில் எண்கள் இருக்கும். 950 என்றால் அசிசல்ஃபேம் பொட்டாசியம். 951 அஸ்பார்டேம். 954 சாக்கரின். 955 சுக்ரலோஸ். 960 ஸ்டீவியா. இந்த எண்களைக் கண்டால் நின்று யோசியுங்கள், போதும். 'ஜீரோ' கோலாவைத் திருப்பிப் பாருங்கள்: 950 இருக்கும், 951-ஓ 955-ஓ இருக்கும், பக்கத்திலேயே காஃபின் இருக்கும். தவிர்க்க நினைத்த இரண்டும் ஒரே பாட்டிலில்!

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கிறேன். சர்க்கரைக்குப் பதில் என்ன, சர்க்கரைக்குப் பதில் என்ன என்று தேடுகிறோமே, குடிக்கிற பொருள் இனிக்கவேண்டும் என்று நமக்கு யார் சொன்னது?

தமிழன் காலங்காலமாகக் குடித்தது எது? நீராகாரம். அது இனிப்பா? புளிப்பு. மோர் இனிப்பா? புளிப்பும் உப்பும். கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ் இனிப்பா? புளிப்பும் உப்பும், கடித்துக்கொள்ள மிளகாயின் காரமும். கல்யாணப் பந்தியில் கையில் வாங்கி உறிஞ்சுகிற ரசம்? புளி, மிளகு, சீரகம். தினமும் குடித்தவற்றில் இனிப்பே கிடையாது. இனிப்பு பண்டிகைக்கு வரும். ராம நவமிக்குப் பானகம் வரும், போய்விடும். டம்ளரில் தினமும் இனிப்பு என்பது காபியோடும் டீயோடும் கலர் சோடாவோடும் வந்த பழக்கம். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். நீராகாரம் குடித்த வீடுகளில் காபி எப்படி நுழைந்தது, யார் எதிர்த்தார்கள், யார் விழுந்தார்கள் என்பதையெல்லாம் அதில் பார்க்கலாம்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இனிப்புக்கு மாற்று தேடாதீர்கள். நாக்கைப் புளிப்புக்கும் உப்புக்கும் காரத்துக்கும் வாசனைக்கும் திருப்புங்கள். அது புதிதாகக் கற்கவேண்டிய பாடமல்ல. நம் நாக்கு மோர் பழகிய நாக்கு. நடுவில் நூறு ஆண்டு மறந்திருக்கிறது.

முடியுமா என்று சந்தேகமாக இருக்கிறதா? ஃபிலடெல்பியாவின் மோனெல் ஆராய்ச்சி மையத்தார் சிலரைச் சர்க்கரை குறைந்த உணவில் வைத்துப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. மூன்றாவது மாதத்தில் அதே இனிப்புப் பண்டம் அவர்களுக்கு முன்பைவிட அதிகமாக இனித்தது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் நாக்கும் பழையபடி திரும்பிவிட்டது. நாக்கு இரண்டு பக்கமும் திரும்பும். எந்தப் பக்கம் என்பதை நாம்தான் சொல்லவேண்டும். செயற்கை இனிப்பு என்ன செய்கிறது தெரியுமா? சர்க்கரையை எடுத்துவிட்டு, நாக்கை மட்டும் அதே இடத்தில் நிறுத்தி வைக்கிறது.

மோர், மோர் என்கிறேன். எப்படிச் செய்வது என்று கேட்கமாட்டீர்கள். எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பு. பாக்கெட்டில் வாங்கிக் குடித்துப் பழகியபின் பாதி பேருக்கு மறந்துபோயிற்று. ஒரு கப் தயிர், இரவே உறை ஊற்றிப் புளித்தது. மத்தால் கடையுங்கள். வெண்ணெய் திரண்டால் எடுத்துவிடுங்கள். மூன்று நாலு மடங்கு தண்ணீர், பானைத் தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு துண்டு இஞ்சி, பாதி பச்சைமிளகாய், நாலு கறிவேப்பிலை, கொஞ்சம் கொத்தமல்லித் தழை, இவற்றை அம்மியில் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் பச்சைக் கஷாயமாகிவிடும். பெருங்காயத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். உப்பை மட்டும் பாதியாக்குங்கள், ரத்தக்கொதிப்பு உள்ள வீடு என்றால் கால்வாசியாக்குங்கள். பெருங்காயமும் இஞ்சியும் இருந்தால் உப்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாது. வெயில் காலத்தில் சாலையோரம் நீர்மோர்ப் பந்தல் போடுகிற அன்பர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: உப்பை அள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது கூழ். ஆடி மாதம் வந்தால் மாரியம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாக ஊற்றுகிறோம். வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறோம். ஆவணி பிறந்ததும் அண்டாவைக் கவிழ்த்துவிடுகிறோம். ஏன்? கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யை வேகவைத்து, அதில் மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டி, நனைந்த கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி ஆறவைத்தால் இரண்டு நாளைக்கு வரும். வேண்டும்போது மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப்போட்டால் முடிந்தது. கருவாடு தொட்டுக்கொள்வது எப்படி என்று இந்த ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பகல் பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் என்று இருக்கிற இடத்தில் ஒரு சொம்பு கூழ் வந்தால், மதியம் வரை பசி எட்டிப் பார்க்காது. ஆனால் ஒன்று, சர்க்கரை நோயாளிக்குக் கூழ் ஒரு பானமல்ல, ஒரு வேளைச் சாப்பாடு. அப்படிக் கணக்கில் எழுதிக்கொள்ளவேண்டும்.

'நம் பழைய பானமெல்லாம் அமிர்தம், கடைப் பானமெல்லாம் நஞ்சு' என்று பேசினால் கைத்தட்டல் கிடைக்கும். நான் அப்படிப் பேசப்போவதில்லை. பதநீரை எடுத்துக்கொள்ளுங்கள். பனைமரத்தடியில் நின்று, ஓலைப்பட்டையில் ஏந்திக் குடிக்கிற சுகம் வேறெதிலும் வராது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர்; சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள். புதுச்சேரியில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. எல்லை தாண்டிக் கோட்டக்குப்பத்துப் பக்கம் போனால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் கள்ளுக்கு இடமில்லை. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. பதநீரில் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். நூறு மில்லிக்குப் பத்து கிராமுக்குக் குறையாது. கோலாவிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்! பதநீரில் தாது உப்புகள் இருக்கின்றன, உண்மை. ஆனால் கணையம் மரத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. கரும்புச் சாறு இன்னும் ஒரு படி மேலே. நன்னாரி சர்பத்தில் வேர் கொஞ்சம், சர்க்கரைப் பாகு அதிகம். நன்னாரி வேரைத் தட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, எலுமிச்சை பிழிந்து குடியுங்கள், பாகு வேண்டாம். வாசனைதானே நன்னாரி? வாசனை தண்ணீரில் இறங்கிவிடும்.

இளநீர்? தாராளமாக. நம் கடற்கரையின் கொடை அது. வழுக்கை விழாத இளங்காயாகக் கேளுங்கள். ஒரு காயில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை அளவுக்கு இனிப்பு இருக்கும், தினம் ஒன்று என்றால் பெரும்பாலானவர்களுக்குப் பயமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாய் வைக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, இதயத்தில் போய் நிற்கும். 'இயற்கைதானே' என்று குடித்து ஆபத்தில் மாட்டியவர்கள் உண்டு.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் என்ன கொடுப்பது? ஓ.ஆர்.எஸ். பாக்கெட். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். ஆனால் பல ஆண்டுகளாக மருந்துக்கடைகளில் அதே மூன்றெழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரை மிகுந்த பழரச டப்பாக்கள் விற்றன. ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் ஆண்டுக்கணக்கில் தனியாளாகப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கலவை இல்லாத எதிலும் அந்தப் பெயரை அச்சிடக் கூடாதென்று உத்தரவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், சத்துமாவுகளை 'ஹெல்த் டிரிங்க்' வரிசையில் வைத்து விற்கக்கூடாதென்று இணையக் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. பெயரை எடுத்தாயிற்று. டப்பா அலமாரியில்தான் இருக்கிறது. தாய்மார்களே, டப்பாவின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்.

'எல்லாம் சரி, சூடாக ஏதாவது வேண்டுமே!' என்கிற குரல் பின்வரிசையிலிருந்து வருகிறது. வருகிறேன். விடியற்காலை மூன்று மணிக்குப் படகைத் தள்ளுகிறவருக்குச் சுக்கு மல்லியைவிட வேறென்ன வேண்டும்? சுக்கைத் தட்டி, கொத்தமல்லி விதையும் நாலு மிளகும் வறுத்துப் பொடித்து, கொதிக்கவிட்டு இறக்குவது. கருப்பட்டியைக் கைநிறையப் போடுவதுதான் வழக்கம். ஒவ்வொரு சிட்டிகையாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கருப்பட்டியும் சர்க்கரையின் தம்பிதான், நிறம் கறுப்பு என்பதற்காக விட்டுவிட முடியாது. துளசியும் ஓமமும் சீரகமும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. நம் ஒன்றியப் பிரதேசத்தின் இன்னொரு மூலையான மாஹேக்குப் போய்ப் பாருங்கள். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாகத் தண்ணீர் வரும். பதிமுகக் கட்டையைப் போட்டுக் கொதிக்கவைத்தது. நாம் அதே மேசையில் கேட்கிற முதல் கேள்வி, 'கூலிங் இருக்கா?'

காபியின் வாசனையை விடமுடியாது, நிறத்தை விடமுடியாது, நுரை பொங்குகிற டபராவை விடமுடியாது என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. அதுவும் பிரெஞ்சுக்காரன் காட்டிய வழி. 1806-இல் நெப்போலியன், இங்கிலாந்தோடு யாரும் வியாபாரம் செய்யக்கூடாதென்று தடை போட்டார். கடல்வழி வந்த காபி பிரான்சில் அருகிப்போயிற்று. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சிக்கரிக் கிழங்கை வறுத்துப் பொடித்துக் காய்ச்சிக் குடித்தார்கள். தடை போனபிறகும் பழக்கம் போகவில்லை. வடக்குப் பிரான்சில் இன்றைக்கும் சிக்கரியை மட்டும் பாலோடு குடிக்கிறார்கள். சிக்கரியில் காஃபின் துளியும் கிடையாது. நம் ஃபில்டர் காபித்தூளில் அதே சிக்கரியைத்தான் முப்பது, நாற்பது சதவீதம் என்று கலக்கிறார்கள். பாக்கெட்டில் சதவீதம் போட்டே ஆகவேண்டும். காபித்தூள் அரைக்கிற கடையில் சிக்கரியை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கசக்கும். பாலில் இயல்பாகவே மெல்லிய இனிப்பு இருப்பதால் சர்க்கரை இல்லாமலே வாய்க்கு இறங்கும். வயிறு உப்புசம் உள்ளவர்கள் மட்டும் அளவோடு நிறுத்துங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 2007-இல் புதுச்சேரி அரசு நமக்கென்று ஒரு மாநில மரத்தை அறிவித்தது. என்ன மரம்? வில்வம். இலையைச் சிவனுக்குப் போடுகிறோம். பழம் விழுந்து உடைந்து எறும்பு மொய்க்கிறது. பீகாரிலும் வங்காளத்திலும் ஒடிசாவிலும் கோடை வந்தால் அந்தப் பழத்தைப் பிசைந்து, விதையை வடிகட்டி, தண்ணீர் விட்டுச் சர்பத்தாகக் குடிக்கிறார்கள். பழுத்த வில்வம் தானே இனிக்கும், சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை. நம் மாநில மரத்தின் பழரசம் நம் ஊர்க் கடை ஒன்றிலும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த அரங்கில் கடை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் யோசியுங்கள்.

அரசுச் சின்னத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். புதுச்சேரி அரசின் முத்திரையில் இருக்கும் வெள்ளைக் கட்டடம் எது? பாரதி பூங்காவில் இருக்கிற ஆயி மண்டபம். யார் அந்த ஆயி? அரசன் ஒருவன் அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டான். தாசி வீடென்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னான். 'நானே இடித்துவிடுகிறேன்' என்று கெஞ்சிக் கேட்டு, இடித்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது, அவள் நினைவாக அந்த மண்டபத்தைக் கட்டினார்கள். மதுவுக்கு ஊர் ஊராகப் பேர் வாங்கியிருக்கிற நம் புதுச்சேரியின் அரசு முத்திரையில் இருப்பது குடிதண்ணீருக்கு எழுப்பிய மண்டபம்! வார இறுதியில் பாட்டில் வாங்க வருகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லவேண்டும்.

கடைசியாக, எப்படி விடுவது? இன்றைக்குக் கேட்டுவிட்டு நாளைக் காலையிலேயே காபியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நாளுக்கு நாலு டம்ளர் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி பிடிக்கும். இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒன்பது நாள்வரை நீளும். எரிச்சல் வரும், வீட்டில் சண்டை வரும். தலைவலிக்கு என்று கடையில் வாங்குகிற சில மாத்திரைகளில் காஃபினே இருக்கிறது, அட்டையைப் பார்த்து வாங்குங்கள். நாலை முதல் வாரம் மூன்றாக்குங்கள். அதிலும் மாலை டம்ளரை முதலில் விடுங்கள், தூக்கம் உடனே திரும்பும். அடுத்த வாரம் இரண்டு. பிறகு தூளில் பாதி சிக்கரி, பாதி காபி. காலை டம்ளரைக் கடைசியில் விடுங்கள், அதுதான் பிடிவாதக்காரி.

சர்க்கரைக்கும் அதே வழி. டீக்கடையில் ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் விழுகிறது. ஐந்து டீ என்றால் பத்து ஸ்பூன், நாற்பது ஐம்பது கிராம். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள். டீக்கடை அண்ணன்மார்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சர்க்கரையைக் கலக்காமல் கொடுங்கள், வேண்டுகிறவர் போட்டுக்கொள்ளட்டும். பாய்லர் பக்கத்திலேயே ஒரு பானை நீர்மோரும் ஒரு கெட்டில் சுக்கு மல்லியும் வையுங்கள். லாபம் குறையாது, தேயிலை விலைக்கும் சுக்கு விலைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகச் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர், கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள், தனித்தனியாகப் பேசலாம். மற்றவர்கள் கேள்வியை உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்கலாம்.